விரித்தே கிடக்கட்டும்

இன்று காலை இரும்புப் பெட்டியைத் திறந்தேன். முதலில் பாச்சை உருண்டை வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொன்று, வெயிலில் காய்ந்த நைலானும் வல்லத்துச் செம்மண்ணும் கலந்த வாசனை. பதினோரு ஆண்டுகளாக நான் திறக்காத பெட்டி. நீங்கள் பறந்த அந்தத் துணி இறக்கை நான் வைத்த இடத்தில், நான் மடித்த மடிப்பில் இருந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வருகிறார். உங்களோடு பறந்த அதே திண்டிவனத்து டாக்டர். அவர் இப்போது பறப்பதில்லை. புதிதாகப் பறக்க வருகிறவர்கள் நீங்கள் கிளம்புகிற அந்தக் குன்றின் அடியில் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்களாம், அதில் உங்கள் இறக்கையை மாட்டவேண்டுமாம். நேற்று தொலைபேசியில் கேட்டார். "அண்ணி, அண்ணன் கடைசியா மடிச்ச மடிப்பு கலையாம எடுத்துக்கினு போயி, எல்லார் எதிரிலயும் நான்தான் பிரிக்கணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அண்ணன் மடித்த மடிப்பு! அவர் அப்படித்தான் நம்புகிறார். நான் நம்பவிட்டேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு நீங்கள் ஒரு பாராகிளைடரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். ஐம்பத்திரண்டு வயது. நான் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. எட்டாம் நாள் வேன் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். குன்றிலிருந்து கிளம்புகிறவர்களைக் காற்று எந்த ஊர் வயலில் இறக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கியவர்களைத் தேடிப் போய் ஏற்றிவர ஒருவர் வேண்டும். அந்த வேலையை என்னைவிட ஒழுங்காக யாரும் செய்திருக்க முடியாது. தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்வை பார்த்தவள் நான். யார் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்தத் திசையில் போனார், எல்லாம் என் நோட்டில் இருந்தது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் சொன்ன விதியை என் கையாலேயே எழுதினேன். "எறங்கினதும் துணிய மடிச்சிட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். விரிச்சபடி கெடந்தா ஆபத்து, ஓடி வாங்கன்னு அர்த்தம். மேல பறக்கிறவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்." அன்று குன்றின்மேல் நின்று எல்லோருக்கும் சொன்னீர்கள். சிக்னல்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆனால் எட்டு வருடம் கழித்து, உங்கள் கடைசிப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அனந்தபுரம் பக்கத்து வயலில் இறங்கிய நீங்களே மறந்துபோனீர்கள். துணியை விரித்துப் போட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தீர்கள். மேலிருந்து பார்த்த டாக்டர் பதறிப்போய் இறங்கினார். மெக்கானிக் ஷெட் வைத்திருந்த நம் நண்பர் தன் ஹேங் கிளைடரைத் திருப்பி, கரும்புக்குள் விழாத குறையாக வந்து சேர்ந்தார். உங்களைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ் சிக்னலு! செவப்பு லைட்டப் போட்டுட்டு வெத்தல போட்டுக்கினு உக்காந்திருக்கிறியே, உன்ன நம்பி எத்தினி ரயிலுய்யா ஓடிச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு முகம் எரிந்தது. விழுப்புரம் வந்து சேரும்வரை உங்களை விடவில்லை. "இன்னொரு தடவை என்னை நாலு பேர் எதிரில் இப்படி நிற்க வைக்காதீங்க" என்றேன். "சரிம்மா" என்றீர்கள். நீங்கள் எப்போதும் சரி என்பவர்தான்.

மாசிக் கடைசியில் அந்த நாள் வந்தது. அன்று நாலு பேர் பறந்தீர்கள். வெயில் ஏற ஏறக் காற்று முரடாகிவிட்டது. வல்லத்துக்கு இப்பால் நீங்கள் இறங்குவதை நான் வேனிலிருந்தே பார்த்தேன். கடைசி இரண்டு ஆள் உயரத்தில் இறக்கை ஒரு பக்கம் சுருங்கி, நீங்கள் வரப்பின் மேல் விழுந்தீர்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டேன். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் உங்களைச் சுற்றி நின்றார்கள்.

"எம்மா, பொத்துனு உழுந்தாரும்மா. வரப்பு வயித்துல இடிச்சிச்சி. ஆனா எழுந்து உக்காந்துட்டாரு" என்றாள் ஒருத்தி.

பனைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அடிபட்டதா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, மூச்சுதான் கொஞ்சம்" என்றீர்கள். கை மட்டும் இடது விலாவை விடவில்லை. துணி செடிகளின் மேல் முழுக்க விரிந்து கிடந்தது. நான் அதன் ஓரத்தைப் பிடித்தேன்.

"துணிய அப்படியே விடும்மா."

"மண்ணில் கிடக்குதுங்க."

"கெடக்கட்டும். கொஞ்ச நேரம் விரிச்சே கெடக்கட்டும்."

அந்தச் சொல்லைப் பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். நீங்கள் என்னைப் பயமுறுத்த விரும்பவில்லை. டாக்டரைக் கூப்பிடு என்று வாய்விட்டுச் சொன்னால் நான் கலங்கிப்போவேன் என்று, துணியைக் கொண்டு அவரைக் கூப்பிட்டீர்கள். கைப்பேசிக்கு அங்கே இணைப்பு கிடையாது. உங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு விதி மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். எனக்கு அப்போது நன்றாக நினைவிருந்தது. இதோ மறுபடியும் எல்லோரும் இறங்கி வருவார்கள், மறுபடியும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். நான் பக்கத்தில் இருக்கும்போது இவருக்கு இன்னொருவர் எதற்கு என்றும் நினைத்தேன். இரண்டு பெண்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மூலையைப் பிடிக்கச் சொன்னேன்.

"பொடவ மடிக்கிற மாதிரியாம்மா?"

"ஓரம் ஓரத்தோடு சேரணும். இழுத்துப் பிடி."

திண்டிவனம் கான்வென்ட் விடுதியில் படுக்கை விரிப்புகளை அப்படித்தான் மடிக்க வைப்பார்கள், மூலைக்கு மூலை, விரல்கடைகூடப் பிசகாமல். பறக்கிறவர்கள் அப்படி மடிப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் நடுவை நோக்கிக் கொசுவிச் சுருட்டுவார்கள். நான் என் வழியில் மடித்தேன். சிக்கிய கயிறுகளை என் கைக்குட்டையால் கட்டினேன்.

அப்போது டாக்டர் நம் தலைக்கு மேல் வந்தார். அவருடைய நிழல் உங்கள் காலின் மேல் ஊர்ந்து போனதைப் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றினார். கீழே சதுரமாக மடித்த துணி. கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன், நிமிர்ந்து நின்று, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதுபோல. அவர் திண்டிவனம் பக்கம் திரும்பினார்.

நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள்.

"போயிட்டாரா?"

"போயிட்டார். அழகாகப் போறார்."

"சரி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஏன் என்னைத் திட்டவில்லை? ஒரே ஒரு முறை "அடிப்பாவி, என்ன செய்துவிட்டாய்" என்று கத்தியிருந்தால் நான் ஓடி அதைப் பிரித்திருப்பேனே. அவர் அப்போது நாலைந்து பனை உயரத்தில்தானே இருந்தார். நான் கூவினால்கூடக் கேட்டிருக்குமே.

அரை மணியில் உங்கள் உதடு வெளுத்தது. அந்தப் பெண்கள்தான் உங்களை வேனில் ஏற்றினார்கள். "ஜல்தியா போம்மா, ஜல்தியா போ" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். விழுப்புரம் வரும்வரை நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். பாதி வழிக்குமேல் நீங்கள் பதில் சொல்லவில்லை. மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் போயிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் ஓடி வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்து அழுதார். "மடிச்சிருந்துச்சி அண்ணி. பாத்தேன், மடிச்சிருந்துச்சி. அந்த நெலமையிலயும் எங்க பறப்பு கெடக்கூடாதுன்னு மடிச்சி வெச்சிட்டாரே." நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் நூறு பேர் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மூடிய வாய்தான். ஒவ்வொரு மாசியிலும் அவர்கள் குன்றடியில் கூடி அந்தக் கதையைச் சொல்கிறார்கள். டாக்டர் மட்டும் கதை முடிந்ததும் என்னிடம் வந்து, "இருந்தாலும் நான் எறங்கிப் பாத்திருக்கணும் அண்ணி" என்பார். அந்த மாசிக்குப் பிறகு அவர் தன் இறக்கையைத் தொடவே இல்லை. உங்களுக்குச் செய்ததையே, இன்னும் மெதுவாக, வருடம் வருடமாக அவருக்கும் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்று விடிந்ததும் அதை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், உங்களிடமாவது. பறக்கிறவர்கள் மடிக்கிற விதமாக மாற்றி மடித்து வைத்துவிடத்தான். மூன்று முறை மடித்தேன். மூன்று முறையும் என் பழைய மடிப்புக் கோடுகள் சதுரம் சதுரமாகத் துணியில் தெரிந்தன. இஸ்திரிப் பெட்டியைக்கூட எடுத்து வந்து சூடாக்கினேன். நைலான் உருகிவிடும் என்பது அதன் பக்கத்தில் போன பிறகுதான் உறைத்தது. எழுபது வயதில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு, மாடியில் தனியாக நின்றேன். கடைசி மடிப்புக்குள்ளிருந்து ஒரு காய்ந்த மல்லாட்டை இலை விழுந்தது. தொட்டதும் பொடியாகிவிட்டது.

கைக்குட்டை இன்னும் கயிற்றில் இருந்தது. மூலையில் நானே பூத்தையலில் போட்ட என் பெயரின் முதலெழுத்து.

அதற்குப் பிறகு நான் மடிக்கவில்லை. முழுக்க விரித்தேன். மாடி போதாமல் ஒரு ஓரம் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்குகிறது. காற்று தூக்காமல் இருக்க நாலு செங்கல் வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். கைக்குட்டை என் மடியில் இருக்கிறது. உங்களுடைய அந்த "சரி"யை மட்டும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கீழே கேட் திறக்கிறது.

"அண்ணி! அண்ணி! துணி ஏன் விரிச்சிக் கெடக்குது? யாருக்கு என்ன ஆச்சி?"

டாக்டர் படியேறுகிறார். தேய்ந்துபோன முட்டியோடு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடி வருகிறார். அன்றும் இப்படித்தான் ஓடி வந்திருப்பார்.