வடை மடித்த தாளில் உன் பெயர்

மயிலாப்பூர்
ஞாயிறு தொடங்கி செவ்வாய்க்கிழமை காலை வரை

அன்பு மகன் ஆஸ்டினுக்கு உன் நைனா அல்போன்ஸ் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் நெற்றியில் நான்கு தையல் போட்டிருக்கிறது, அதைத் தவிர வேறு குறை இல்லை. நீ ஆக்லாந்தில் குளிர் படாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் மெழுகுவத்தி ஏற்றிக் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் சொல்ல வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே, நானே எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது, ழ போடும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறது, அம்மா பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். ரங்கநாதன் தெருவில் நாற்பது வருஷம் ஜவுளி மூட்டை தூக்கினேன், தலைக்கு மேல் தொங்கிய ஒரு கடையின் பெயரையும் படித்ததில்லை. போன மாதம் தி.நகர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லாப் பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் வந்து, "யோவ் பெருசு, ஸ்டாப்பிங் பேர நான் சொல்லிக்கிறேன், நீ கம்முனு வா" என்றான். எனக்குக் கோபமே வரவில்லை ஆஸ்டின். அவ்வளவு சந்தோஷம்.

எனக்குக் கோபம் வராத நாள் அது ஒன்றுதான். மற்ற நாட்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பதினொரு மணிக்கு அம்மா உன்னோடு வீடியோவில் பேசுகிறாள் இல்லையா, அப்போது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். நீ போன நாளிலிருந்து ஒன்பது வருஷமாக நிற்கிறேன். நீ என்னோடு பேசுவதில்லை, ஏன் பேசவில்லை என்று கேட்க எனக்கு வாயும் இல்லை, ஆனால் உன் குரல் கேட்கும், இடுக்கு வழியாகக் கொஞ்சம் முகமும் தெரியும். எனக்கு வாரத்தில் ஏழு நாளும் அந்த ஒரு மணி நேரம்தான். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து அதுவும் கெட்டுப்போனது. போனில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், உன் குரல் துண்டு துண்டாக வரும், பிறகு படம் நின்றுவிடும். அதுவும் நீ தலையைச் சாய்த்து வலது காதைப் போன் பக்கம் திருப்புகிற நேரம் பார்த்து நிற்கும். அம்மா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பாள், நான் கதவிடுக்கில் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நீ ஏன் அந்தக் காதைத் திருப்புகிறாய் என்று எனக்குத் தெரியாதா.

முதல் வாரம் வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். இரண்டாவது வாரம் ஃபிரிட்ஜ் பின்னால் இருந்ததை எடுத்து இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் உயரமாக வைத்தேன். அப்புறமும் நின்றது, உள்ளங்கையால் ஓர் அறை விட்டேன், இரண்டு கொம்பில் ஒன்று ஒடிந்துவிட்டது. கம்பெனி ஆளைக் கூப்பிட்டோம். அவன் தன் போனை நீட்டிப் பார்த்துவிட்டு, "சிக்னல் ஃபுல்லா கீது நைனா, லைன்ல ஒன்னும் இல்ல, உன் போன்தான் டப்பா" என்றான். மறுபடி கூப்பிட்டபோதும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை அதே வார்த்தை அவன் வாயில் பாதி வரும்போதே காலரைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினேன், அவன் கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. அம்மா துடைப்பத்தால் என் முதுகில் நாலு போட்ட பிறகுதான் விட்டேன். ஒற்றைச் செருப்போடு ஓடினான், மற்ற செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அதற்கு அடுத்த வாரம் எதிர்ப் போர்ஷன் ரூபீனா, உன் வயதுப் பெண், பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை, படியில் இறங்கிக்கொண்டே, "மைக்ரோவேவ் ஓடச்சொல்ல வைஃபை தடுமாறும் நைனா, அத தள்ளி வை" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். தள்ளி வைக்கச் சொன்னாள், நான் மூட்டை குத்தும் கொக்கியை எடுத்துவந்து அதன் கண்ணாடியில் போட்டேன். கதவு பிளக்கும் வரை போட்டேன். அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய மைக்ரோவேவ்தான். இது உனக்குத் தெரியக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள், அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன். அவள் உன்னிடம் அது நன்றாக ஓடுகிறது என்று சொன்னது எனக்காகச் சொன்ன பொய்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் உன் காதோடு படம் நின்றது. அதே நேரம் மாடியில் டிவியில் கிரிக்கெட், சிக்ஸர் அடித்தால் கூச்சல். மாடியில் யார் என்று உனக்குத் தெரியும், உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த சித்தார்த்தன், இப்போது கல்யாணமாகி அதே வீட்டில் இருக்கிறான். நான் மேலே ஏறிப் போனேன். அவன் டிவி கீழே ஓரத்தில் வைஃபை பெயர் தெரிந்தது, இங்கிலீஷில் ஆஸ்டின் என்று. எனக்கு இங்கிலீஷில் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அது. என் மகன் பெயரில் இருக்கிற லைனைத் திருடிக் கிரிக்கெட் பார்க்கிறான் என்று கண் இருண்டுவிட்டது. அவன், "வா நைனா, குந்து" என்று சொல்லி முடிக்கும் முன் மூக்கில் குத்தினேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. சட்டை முழுக்க ரத்தம். அவன் சோபாவில் சாய்ந்து, "நீதான்யா குட்த்த! நீயேதான் குட்த்த!" என்று கத்தினான். பொய் சொல்கிறான் என்று மறுபடி குத்தினேன். அவன் மனைவி குக்கர் மூடியைத் திருப்பி என் நெற்றியில் ஒரே போடு போட்டாள், அதுதான் நாலு தையல். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல வீச்சு. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சித்தார்த்தன் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேஜை டிராயரை இழுத்து, எண்ணெய் ஊறிய ஒரு தாளை எடுத்து என் முகத்தில் எறிந்தான். "பாரு! ஒன் வூட்டு வடை சுத்தி வந்த பேப்பரு! ஆஸ்டின் கையெழுத்து மாரியே கீது, ஃப்ரெண்டுக்குன்னு அவன்தான் அனுப்பி வெச்சான்னு நென்ச்சேன்!" என்றான்.

தாளைப் பார்த்தேன். என் எழுத்து. எப்படி என்று சொல்கிறேன் கேள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு மூட்டை வேலையை விட்டேன் அல்லவா, அப்போது சனிக்கிழமைகளில் ரூபீனா எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். "பேனாவ கடப்பாற மாரி புடிக்காத நைனா, தாள் கீதா இல்லியா பாரு" என்று திட்டுவாள். தமிழ் வந்த பிறகு இங்கிலீஷும் பழகு, வீட்டில் கண்ணில் பட்டதைப் பார்த்து எழுது என்றாள். நம் வீட்டில் இங்கிலீஷில் எழுதியது என்ன இருக்கிறது, நீ போவதற்கு முதல் நாள் வைஃபை பெட்டியின் பக்கவாட்டில் அம்மா மறக்காமல் இருக்க நீ ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்றுதான். மேல் வரி உன் பெயர் என்று ரூபீனா சொல்லிக்கொடுத்திருந்தாள், கீழ் வரியை அந்தப் பெட்டியின் நம்பர் என்று நானாக நினைத்துக்கொண்டேன், அதுதான் பாஸ்வேர்டு என்று தெரியாது. உன் எழுத்தாயிற்றே என்று இரண்டு வரியையும் பார்த்துப் பார்த்து, ஒரு கால் நீண்ட உன் ஏ கூட அப்படியே வரும் வரை, தினமும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். அம்மா சாயங்காலம் மசால் வடை போட்டு இந்தக் கட்டடத்துக்கும் பக்கத்துச் சந்துக்கும் கொடுக்கிறாள். பேப்பர் வாங்குவதை நிறுத்திப் பல நாள் ஆகிறது, கிறுக்கி முடித்த நோட்டுதானே என்று கிழித்துக் கிழித்து மடித்திருக்கிறாள். ஒவ்வொரு வடையோடும் உன் பெயரும் பாஸ்வேர்டும் நானே அச்சடித்தது மாதிரி வீடு வீடாகப் போயிருக்கிறது.

ரத்தம் நின்ற பிறகு ரூபீனா வந்து போனில் பெட்டியின் கணக்கைத் திறந்து எண்ணினாள். முப்பத்தாறு போன், மூன்று டிவி. "கோடு முழுசா தெரிஞ்சா பொட்டி பக்கத்துல கீதுன்னுதான் அர்த்தம் நைனா. தண்ணி லாரி வாசல்லயே நின்னாலும் முப்பத்தொம்போது கொடம் வெச்சா ஒன் கொடத்துல இன்னா சொட்டும்?" என்றாள். பாஸ்வேர்டை மாற்றினாள், புதியதை எங்கேயும் எழுதக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சொன்னாள். இரண்டே நிமிஷ வேலை. அதற்கு நான் ஒரு கொம்பு, ஒரு மைக்ரோவேவ், ஒரு மூக்கு உடைத்திருக்கிறேன்.

சித்தார்த்தனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவனுக்கு மூக்கில் பஞ்சு, எனக்குத் தலையில் கட்டு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் சொன்னான், "ஆஸ்டின அட்ச்ச அதே கை நைனா, அவன் எங்கிட்ட மட்டும் சொல்லிக்கீறான். அவனுக்கு காது, எனக்கு மூக்கு. போலீஸ்ல எழுதிக் குட்த்தா நீ உள்ள போய்டுவ. நான் எழுதல. எழுதப் பட்ச்சிட்டேன்னு தெருவெல்லாம் பீத்திக்கினு திரியிறியே, நீ எழுது. அவனுக்கு எழுது. இன்னா பண்ணன்னு ஒன்னு உடாம எழுது." நான் அவன் மருந்துச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு மாத்திரை வாங்கப் போனேன். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு போன ஞாயிறு வந்தது. படம் பளிச்சென்று இருந்தது, உன் சட்டையில் மேல் பொத்தான் இல்லாதது கூடத் தெரிந்தது. உன் சிரிப்பு உடையாமல் முழுதாக வந்தது. சந்தோஷத்தில் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டேன், கை பட்டு டம்ளர் விழுந்தது. நீ பேச்சை நிறுத்தினாய். "அவுரு அங்க கீறாரா? அப்போ நான் அப்பறமா பேசறேம்மா" என்றாய். படம் நிற்கவில்லை, குரல் உடையவில்லை, ஒரு வார்த்தையும் விடுபடவில்லை. வைத்துவிட்டாய். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அடிக்க யாரும் இல்லை. அதனால் நோட்டை எடுத்தேன்.

நடந்தது இது. உனக்குப் பத்தொன்பது வயது. தி.நகர் கடை குடோனுக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். சம்பளத் தாளில் நான் கட்டைவிரல் வைத்துக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்து, இனிமேல் மை வேண்டாம் நைனா, நான் கையெழுத்துக் கற்றுத்தருகிறேன் என்றாய். மற்ற ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தது அவர்கள், நீ சிரிக்கவில்லை, அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் உன்னை அறைந்தேன். மூட்டை தூக்குகிற கையால் முழு பலத்தோடு இடது காதில் அறைந்தேன். நீ விழுந்த பிறகு காலாலும் உதைத்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது, டாக்டர் இனி அந்தக் காது கேட்காது என்று சொன்னபோது நீ கீழே விழுந்து அடிபட்டதாக நான் சொன்னேன், நீயும் ஆமாம் என்றாய். அம்மாவிடமும் அப்படியே சொன்னாய். நேற்று அவளிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவள் இன்று காலை வரை என்னோடு பேசவில்லை. அடித்தது நான். உன் மேல் தப்பு எதுவும் இல்லை. இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, எழுத்துத் தெரியாததால் அல்ல.

இனி ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு நான் சாந்தோம் கடற்கரைக்குப் போய்விடுவேன், பன்னிரண்டரை அடித்த பிறகுதான் திரும்புவேன், வெயிலைப் பற்றிக் கவலைப்படாதே, குடை இருக்கிறது. கதவுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், அம்மாவிடம் நிம்மதியாகப் பேசு. எப்போதாவது என்னைப் பார்க்கத் தோன்றினால் சித்தார்த்தனிடம் சொல், அவன் வந்து சொல்வான், தோன்றாவிட்டாலும் சரி. புதிய பாஸ்வேர்டை அவனுக்கு மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ரூபீனா என்னைத் திட்டித் தீர்த்தாள். தலைக்குக் குளிக்கும்போது இடது காதில் பஞ்சு வைத்துக்கொள், தண்ணீர் போகக்கூடாது என்று அன்று டாக்டர் சொன்னதை நீ வலியில் கேட்டிருக்க மாட்டாய், நான் கேட்டேன், உனக்குச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைத் தைத்துப் போடு. மாதா உன்னை எந்தக் கையும் தொடாமல் காப்பாளாக.

கீழே இருப்பது என் கையெழுத்து. கோணலாகத்தான் வரும். கடித உறையின் மேல் இருக்கும் உன் பெயரைப் பார், அது நன்றாக வந்திருக்கும், அதைத்தான் நான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

உன் நைனா
ம. அல்போன்ஸ்