நாலு விரல் முன்னால்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நம் படகு பாறையில் மாட்டி இரண்டாக மடிந்த அன்று, கரையேறியதும் நீ என்னிடம் கேட்டாய்: "அக்கா, நான் திருப்பினது லேட்டா?" நான், "முதல்ல ஈரச் சட்டைய மாத்து" என்றேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளிடம் பதில் கேட்டு வாங்கியவள், உனக்குப் பதில் சொல்லாமல் ஒன்பது மாதத்தைக் கடத்திவிட்டேன். நீயும் துடுப்பைத் தொடவில்லை. என் வாசலையும் மிதிக்கவில்லை.

படகு மாட்டிய அந்த ஆற்று வளைவை ஒருமுறை தனியாகத் தாண்டினால்தான் எனக்கே பதில் தெரியும். மண்டி போட்டு ஓட்டும் ஒற்றை ஆள் கனோ படகு எங்கும் கிடைக்கவில்லை. அதனால் பழைய கயாக் ஒன்றைக் கனோவாக மாற்றப் போகிறேன். பழைய படகு விற்கும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கயாக்ல காலை நீட்டித்தாங்க உக்காரணும்."

"நீட்டினா என் இடுப்பு கேக்காது. சீட்டைக் கழட்டிட்டு மண்டி போட்டு, ஒத்தைத் துடுப்புல ஓட்டப் போறேன்."

"மண்டியா? பள்ளிக்கூடத்துல டீச்சர் போடச் சொன்னதோட சரிங்க."

"அந்த டீச்சர்தான் நான்."

கடையில் மூன்று கிடக்கின்றன. சிவப்பு, குட்டையானது, பின்பக்கம் தட்டுப் போல மெலிந்தது. மஞ்சள், நீளம், விளிம்பு கூர்மை. நீலம், பூசணிக்காய் மாதிரி வயிறு. பட்டறையில் எத்தனை படகுகளுக்கு உயிர் கொடுத்தவன் நீ. எதை எடுக்கட்டும்?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

எதையும் எடுக்காதே. வளைவுக்கும் போகாதே. ஆழம் தெரிந்த இடத்திலேயே உன்னைக் கவிழ்த்தவன் நான். முன்னால் இருப்பவர் பாறையைப் பார்த்துச் சொல்வதும் பின்னால் இருப்பவர் திருப்புவதும் நம் இருபது வருட ஏற்பாடு. ஆனாலும் நான் உன் தலைக்கு மேல் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

சொன்னாலும் கேட்க மாட்டாய். சிவப்பு வேண்டாம்; மண்டி போட்டால் பாதம் பின்பக்கம் போகும், அங்கே இடமில்லை. மஞ்சள் உனக்கு நீளம், சட்டென்று திரும்பாது. மண்டி போட்டவர் உயரமாக இருப்பார், படகு ஆடும். அதற்கு அகலமான வயிறு வேண்டும்.

தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

போகாதே என்று தொடங்கி நீலத்தை வாங்கு என்று முடித்த உன் கடிதம் கிடைத்தது. வாங்கிவிட்டேன். பழைய சீட்டைக் கழற்றி, அது இருந்த அதே இடத்தில் இருக்கையாக ஒரு நுரைக் கட்டையைச் செதுக்கி ஒட்டினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஏரியில் இறக்கியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீர் குடித்தது. ஒரு திருப்பு திருப்பினேன், தொப்பென்று விழுந்தேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல எனக்கு மீசையும் இல்லை.

எங்கே தப்பு? ஒழுங்காகச் சொல்.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துச் சிரித்தேன். பட்டறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சிரித்து அத்தனை நாளாகிறது.

டீச்சருக்கு ஒரு கணக்கு. கயாக்கில் கால் முன்னால் நீளும், அந்தக் கனம் முன்பக்கம். மண்டி போட்டால் அதே கால் பின்னால் மடங்கும், கனமும் பின்னால் போகும். இருக்கை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தால் எப்படி? கட்டையைப் பெயர்த்து நாலு விரல் முன்னால் வை. உடனே ஒட்டாதே; ஆப்பு வைத்து இறுக்கு. கரையிலிருந்து ஒருவர் பார்த்து, இரண்டு நுனியும் ஒரே உயரம் என்று சொன்ன பிறகு ஒட்டு.

வளைவுக்குப் போவதென்றால் தலைக்கவசம், மிதவைச் சட்டை, கரையில் கயிறோடு ஓர் ஆள். நான் வர மாட்டேன். என்னால் பார்க்க முடியாது.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நாலு விரல் போதவில்லை, ஐந்து ஆயிற்று. என் கால் உன் கணக்கைவிடக் கனம். இப்போது படகு தராசு முள் போல நிற்கிறது.

நேற்று போனேன். கடைக்காரர் கயிறோடு கரையில் நின்றார். வளைவு திரும்பியதும் வலப்பக்கம் அந்தப் பாறை தெரிந்தது. தெரிந்த அதே நொடியில், "இடது! இடது!" என்று கத்தினேன். படகில் இருந்தது நான் மட்டும். கத்திக்கொண்டே நானே திருப்பினேன். நீல வயிறு பாறையை உரசாமல் போயிற்று.

கீழே அமைதியான தண்ணீருக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்று அந்தக் குரல் எழவே இல்லை. பாறையை நான் பார்த்தேன், தம்பி. இருபது வருடப் பழக்கம், உனக்கே தெரியும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த உனக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. நீ திருப்பியது லேட் இல்லை. நான்தான் காரணமோ என்ற சந்தேகம் எனக்கு அன்றே கொஞ்சம் இருந்தது. அதனால்தான் ஈரச் சட்டையைப் பற்றிப் பேசினேன். தப்பு என்னுடையது. ஒன்பது மாதமும், அதற்கு மேல் இந்த மூன்று மாதமும் அந்தப் பழியை உன்னைச் சுமக்க விட்டதும் என் தப்புதான். கோபம் வந்தால் திட்டி எழுது. எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன்.

மஞ்சள் படகு இன்னும் விற்கவில்லை. எனக்கு நீளம், உன் உயரத்துக்குச் சரி. பதில் எழுதுவதற்கு முன் ஒன்று செய். பட்டறைத் தரையில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் மண்டி போட்டு, கால் மரத்துப்போகிறதா என்று நூறு வரை எண்ணிப் பார்.

உன் அக்கா