ஓடைக்கு மேற்கே இல்லாத மிளகுக்கொடி

என் அன்பு மாரப்பா,

மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. பூட்டியே கிடந்த உன் பெட்டியைப் போன மாதம்தான் பெரியம்மா திறந்தார்கள். உன் குறிப்பேட்டை என் கையில் கொடுத்து, "உனக்குத்தான் கண்ணு இது புரியும்" என்றார்கள்.

டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு நாம் இருவரும் காத்துக் கிடந்தோமே, அந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி இடம், அது இப்போது காலியாகியிருக்கிறது. தாவரவியல்தான். இரண்டு வருஷம், ஒரே ஒருவருக்கு. வாடல் நோய் அண்டாத காட்டு மிளகு ஒன்று இருப்பதாக நீ சொல்வாயே, அதைப் பற்றி ஒரு வரி எழுதிப் போட்டேன். பேராசிரியரின் பதில் பறந்து வந்தது. கொடித்துண்டு, அது வளரும் இடம், ஆராய்ச்சியின் முழு விவரம், எல்லாம் விண்ணப்பத்தோடே வேண்டுமாம். வேலை தருவதற்கு முன்பே சரக்கைக் கேட்கிறவரை எப்படி நம்புவது? எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, இடம் நிரம்பிவிட்டது என்று கைவிரித்துவிட்டால்?

ஆனாலும் மலையேறினேன். உன்னோடு காடெல்லாம் அலைந்த வெள்ளையன் துணைக்கு வந்தார். மலைமேல் திருப்புலி நாட்டில், ஓடைக்கு மேற்கே என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தாய். அரை நாள் தேடியும் அங்கே ஒரு கொடிகூட இல்லை. வெள்ளையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேறு யாரோ இவரை வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க, எங்கிட்ட எதையோ மறைக்கறீங்க" என்றேன்.

"மறைக்கச் சொன்னதே அவருதானுங்க சாமி. நோட்டுல எடத்தை மாத்தித்தான் எழுதுனாரு."

சுருக்கென்றது. உன் குறிப்பேட்டைப் படித்துப் புரிந்துகொள்ள நம் குடும்பத்தில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரே அறையில் தங்கிப் படித்தவன் மேலா சந்தேகம்? செத்துப்போனவனோடு சண்டை போட முடியவில்லையே என்று ஆத்திரம் வந்தது.

வெள்ளையன் மெதுவாகக் கேட்டார்: "அனுப்பற காயிதத்துல யாரு பேருங்க இருக்குது? அவரு பேரும் இருந்தா மட்டும் எடத்தைக் காட்டோணும்னு சொல்லிப்புட்டுப் போனாருங்க."

விண்ணப்பம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கொடியைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது.

"ரெண்டு பேரு பேரும் இருக்குதுங்க" என்று எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அப்பச் சரிங்க, வாங்க" என்று முன்னால் நடந்தார். ஓடைக்குக் கிழக்கே ஒரு பலா மரத்தில் கொடி செழித்துக் கிடந்தது. அவரே நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "அவரு இருந்திருந்தா ரொம்பச் சந்தோசப்பட்டிருப்பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பேராசிரியரைச் சந்தேகப்பட்டேன். வெள்ளையனை, உன்னை, யாரையும் விடவில்லை. நீ ஒரே ஒரு ஆளைத்தான் சந்தேகப்பட்டாய், மாரப்பா, அதுவும் சரியான ஆளை.

அந்த விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். உன் பெயரை முதலில் போட்டுப் புதிதாக எழுதுகிறேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் மறுபடி மலையேறி, அங்கே செம்மேட்டு ஊரில் படிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிப்போய், வெள்ளையன் முன்னால் அதை உரக்கப் படிக்கச் சொல்வேன். நான் படித்தால் நீ நம்பமாட்டாய்.

உன் சித்தப்பா மகன்,
செங்கோடன்