பலகையில் மாமாவின் பெயர்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி எழிலனுக்கு,

அக்கா வசந்தா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மாமா எல்லோரையும்விடச் சற்று அதிகமாகவே சுகம். போனில் எதைச் சொன்னாலும் நடுவில் நீ இருமுகிறாய், கேட்டால் லைன் சரியில்லை என்கிறாய். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் உன் நண்பன் தங்கராஜிடம் வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டையோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவின் கல்லூரியைப் புகையிலை இல்லா வளாகம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டுமாம். யார் யார் எங்கே ஒளிந்து சிகரெட் பிடிக்கிறார்கள் என்பதை முழுமையாக அறிந்த ஒரே ஆசிரியர் என்ற தகுதியில் முதல்வர் மாமாவைப் போட்டார். வரலாற்றுப் பேராசிரியர் அல்லவா, கோட்டைக்குள் எதிரி எந்தப் பக்கமாக நுழைந்தான் என்று வருடா வருடம் பாடம் நடத்துபவர். வாசல் பலகையில் ‘புகார்களுக்கு: பேராசிரியர் வீராசாமி’ என்று கைபேசி எண்ணோடு எழுதிவிட்டார்கள்.

மறுநாளே முதல் புகார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “சார், தண்ணி டேங்குக்குப் பின்னால ஒருத்தர் ஊதிக்கினு நிக்கிறாரு, முதுகுதான் தெரியுது, சீக்கிரம் வாங்க” என்றாளாம். மாமா அந்த டேங்குக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் சிகரெட். “வந்துட்டே இருக்கேம்மா” என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு அபராத ரசீதை எடுத்துத் தன் பெயரையே எழுதி, விதித்தவர் இடத்திலும் கட்டியவர் இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டார். கல்லூரியின் முதல் நடவடிக்கை என்று முதல்வர் அதை மேலே அனுப்ப, பாராட்டும் வந்தது. இரண்டில் எந்தக் கையெழுத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அன்றோடு சிகரெட்டை விட்டார். முதல் வாரம் வீட்டில் நான்தான் புகார் பெட்டி. “இன்னா ரசம் இது, ஃபேன் ஏன் இப்படிக் கத்துது” என்று ஓயாத பேச்சு. இப்போது ராஜகிரிக் கோட்டை மலையில் பாதி வழியில் உட்காராமல் ஏறுகிறார். இருபது வருடமாக நான் சொல்லி மண்டையில் ஏறாதது, ஒரு பெயிண்டர் எழுதியதும் ஏறிவிட்டது. எனக்கு வருத்தமில்லை. எழுத்தும் அழகாகத்தான் இருக்கிறது.

எழிலா, நீ இருமுவது நம் நைனா கடைசிக் காலத்தில் இருமியது போலவே கேட்கிறது. வேறொன்றும் சொல்லவில்லை.

பலகையில் உள்ள எண்ணுக்கு மஸ்கட்டிலிருந்தும் பேசலாமாம். ஒருவர் தன்னைப் பற்றித் தானே புகார் சொன்னாலும் மாமா எடுத்துக்கொள்வார். அதில் அவருக்கு அனுபவம் இருக்கிறது. ஒருமுறை பேசு. எந்த டேங்குக்குப் பின்னால் நிற்கிறாய் என்று மட்டும் சொல். “வந்துட்டே இருக்கேன்டா” என்பார்.

நீ நூறு வருடம் நன்றாக மூச்சு விட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அக்கா
வசந்தா