ஆறு என்று சொன்ன வாய்

வலியசாலை

சௌபாக்யவதி ஜானவிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம், சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, மெய்யாகவே சௌக்கியம். அந்தக் கனடாப் பனியில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் நவநீத்தும் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் சுவாமியிடம் சொல்கிறேன். போனில் பேசினால் உன் அண்ணா சுமந்த் காதில் விழும், அதனால் காகிதம். நான் படித்தது ஐந்தாம் கிளாஸ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நெஞ்சு ஆபரேஷனுக்கு அப்புறம் டாக்டர் எழுதிக்கொடுத்த நடைப்பயிற்சி பன்னிரண்டு வாரம், எட்டு முடிந்தது. திங்கட்கிழமை நடந்ததை சுமந்த் உனக்கு எப்படிச் சொன்னானோ, நான் சொல்வதுதான் சரி. ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிறவள் எலிசாள், பாறசாலைப் பெண், கெட்டிக்காரி. மெஷினில் நடக்கவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவாள், ஆறிலிருந்து இருபது வரை நம்பர், ஆறு என்றால் கஷ்டமே இல்லை, இருபது என்றால் உயிர் போகிற கஷ்டம். அம்மா இப்ப எத்தனையாக்கும் என்று கேட்பாள். நான் மூச்சு முட்டினாலும் ஆறு என்றே சொன்னேன். மாத்திரை நாடியை அடக்கி வைத்திருப்பதால் என் வாய்தான் அவளுக்கு மீட்டராம், அவள் நம்பி வேகத்தைக் கூட்ட, கண் இருட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். ஏன் பொய் சொன்னாய் என்று நீ போனில் கத்தினாய். சுமந்த் வயிற்றில் இருந்தபோது உன் பாட்டி தண்ணீர் இறைக்கச் சொல்லி, முடியறதாடீ என்று கேட்டாள். முடியலை என்றேன். சீக்காளியை நம்ம தலையிலே கட்டிட்டா என்று தெரு முழுக்கச் சொன்னாள். அன்று பங்குனி உத்திரம். அதற்கப்புறம் எவர் கேட்டாலும் முடியறது என்றுதான் என் வாயில் வரும்.

விஷயம் தெரிந்ததும் உன் சித்தப்பா நீலகண்டன் வந்து உட்கார்ந்துகொண்டார். மன்னிக்கு இந்த வயசிலே என்ன டிரில்லு, பெங்களூருக்குக் கூட்டிண்டு போய் உன் ஃபிளாட்டிலே உட்கார வை என்று சுமந்துக்கு ஓதினார். அவனும் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டான். நீ கனடாவுக்குப் புறப்பட்ட அன்று நம் வீட்டுப் பால்பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக் குடித்துக்கொண்டே, டாக்டருமில்லே நர்ஸுமில்லே, பிளேன் ஏறிப் போய் டிரில் மாஸ்டர் வேலையா என்று சிரித்தவர் இவர்தான். உன் வேலைக்குப் பெயர் கினிசியாலஜிஸ்ட் என்று நீ சொல்லிக்கொடுத்ததை இவருக்காகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இப்போது முகத்துக்கு நேரே நாக்குத் தடுக்காமல் சொன்னேன். நெஞ்சடைத்து விழுந்தவர்களை என் பெண் நடக்க வைக்கிறாள், நீங்கள் தெருமுனை வரைக்கும் மூச்சிரைக்காமல் நடந்து காட்டுங்கோ என்றேன். காபியைத் தொடாமல் எழுந்து போனார். போகட்டும்.

புதன்கிழமை ஆட்டோ பிடித்து நான் மட்டும் போனேன். எலிசாள் டாக்டரைக் கேட்டு வந்துதான் மெஷினில் ஏற்றினாள், இனியும் பொய் சொன்னா நான் உங்களைப் பயிற்சிக்கு எடுக்க மாட்டேன் அம்மா என்றாள். பத்தாவது நிமிஷம் கேட்டாள். ஆறு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, பதினஞ்சு, முடியலை என்றேன். அவள் சிரிக்கவில்லை, யாரையும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, பட்டனை அழுத்தி வேகத்தைக் குறைத்தாள். மிச்சம் பத்து நிமிஷத்தையும் நடந்து முடித்தேன். இவ்வளவுதானா ஜானவி, இதற்கா நாற்பத்தெட்டு வருஷம்.

வீட்டுக்கு வந்து சுமந்திடம் சொல்லிவிட்டேன், உன் டிக்கெட்டில் நீ போ, என்னுடையதை கேன்சல் பண்ணு, எனக்கு நாலு வாரம் பாக்கி இருக்கிறது என்று. நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறான், பசித்தால் சாப்பிடுவான். நீ ஊரையெல்லாம் நடக்க வைத்துவிட்டு உன் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கும் நவநீத்துக்கும் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மறக்காதே, அம்மாவுக்கு நீ எடுத்துச் சொல்லு என்று சுமந்த் உனக்குப் போன் பண்ணுவான். அம்மாவுக்குச் சொல்ல முடியாது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலக்ஷ்மி