ஆறில்லை என்று சொன்ன காணொளி

ரீச்சர்,

இன்று காலை பள்ளிக்கூடத்து அலுமாரியைத் திறந்ததும் ஏலக்காய் மணந்தது. சட்டையில் குத்துகிற அந்தச் சின்ன மைக்கை நீங்கள் போட்டு வைத்திருந்த தகரப் பெட்டிதான். தொண்டை கட்டாமல் இருக்கப் பதிவுக்கு முன் ஒரு ஏலக்காயை வாயில் போடுவீர்கள். மிச்சம் மைக்கோடு பெட்டிக்குள் போய்விடும். வெளியே மழை. மாரி தொடங்கியதிலிருந்து வெயிலையே காணவில்லை. பெட்டியை மூக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். பின்னால் நின்று, "என்ன ரீச்சர், சாமி கும்பிடுறியளோ?" என்று நீங்கள் கேட்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், என்ன விசர் பாருங்கோ.

கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த அந்தக் காலத்தை நினைத்தால் அரைத் தூக்கத்தில் கண்டது மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத வகுப்பறை. யன்னலால் வெயில் வந்து, பிள்ளைகள் இருக்கிற வாங்குகளில் படுத்திருக்கும். ஒரு கதிரையைக் கவிழ்த்து மேசையில் வைத்து, அதன் கால்களுக்குக் குறுக்கே அடிமட்டத்தைக் கட்டி, அதில் போனைக் குப்புறப் படுக்க வைப்போம். கீழே வெள்ளைத் தாள். தாளில் உங்கள் கைகள். முகம் காட்டவே மாட்டேன் என்றுவிட்டீர்கள். "என்ரை முகத்தைப் பாத்து ஆர் படிக்கப் போயினம்? கை காணும்." இன்றைக்கும் உங்கள் பாடங்களில் இடைக்கிடை அணில் கத்தும், தூரத்தில் கோயில் மணி கேட்கும். அதையெல்லாம் வெட்டலாம் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

இலவசமாக என்னென்ன கிடைக்கும் என்று இணையத்தில் நீங்கள் தேடின தேடல்! வெட்டி ஒட்ட ஒரு தளம், எழுத்துப் போட ஒரு தளம், படம் எடுக்க வேறொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். அதையும் ஊருக்கே கேட்கச் சத்தமாகச் சொல்வீர்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு காணொளியின் மூலையில் அவர்களுடைய முத்திரை வந்து குந்தியிருக்கும். நான் எரிச்சல் படுவேன். "ஓசியிலை வாறதுக்குக் கொஞ்சம் கொழுப்பு இருக்கும் ரீச்சர், பொறுக்கத்தான் வேணும்," என்று சிரிப்பீர்கள். பிறகு இருந்து காணொளியின் அளவைச் சுருக்குவீர்கள். ஒரு பிள்ளையின் டேட்டாவைத் தின்றுவிட்டுத் தன்னால் நித்திரை கொள்ள முடியாது என்பீர்கள்.

அப்படித்தான் ஆறாம் வகுப்புக்கு நாங்கள் தண்ணீர்ப் பாடத்தைச் செய்தோம். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் குடாநாட்டை ஒரே கோட்டில் வரைந்து, மூச்சு எடுத்து, தொடங்கினீர்கள்: "எங்கட யாழ்ப்பாணத்திலை ஆறில்லை. அதாலை நாங்கள் ஆத்தை நிலத்துக்குள்ளை வைச்சிருக்கிறம்." பிறகு கை கிணறு கீறியது, சுண்ணாம்புக் கல் கீறியது, கல்லுக்குள் தண்ணீர் நின்றது. அந்த வரி எங்கே பிடித்தது என்று கேட்டேன். வாப்பாவின் வரி என்றீர்கள்.

முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று சோனகத் தெருவிலிருந்து உம்மாவின் இடுப்பில் போனவர் நீங்கள். உங்களுக்கு ஒன்றும் நினைவில்லை. புத்தளத்தில், அகதி முகாமின் தென்னோலைக் கொட்டிலுக்கு முன்னால், வாப்பா மணலில் விரலால் கீறி ஊரைக் காட்டுவாராம். இது பெரியகடை, இது கோட்டை, இது எங்கட வீட்டுக் கிணறு. ஆறில்லை மகள், ஆத்தை நாங்கள் நிலத்துக்குள்ளை வைச்சிருக்கிறம். அவர் திரும்பி வரவில்லை. நீங்கள் வந்தீர்கள், ரீச்சராக. ஒவ்வொரு நாளும் பட்டணத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் சண்டிலிப்பாய்ப் பக்கம் வந்தீர்கள். வழியில் ஒரு பாலம் வரும். கீழே புல்லும் ஆடுகளும். இந்தக் காய்ந்த நிலத்துக்கு ஏன் பாலம் என்று நீங்கள் கேட்டதும், ஆட்டுக்கு வெயில் படாமல் இருக்கத்தான் என்று நான் பகிடி விட்டதும், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி நாங்கள் சிரித்ததும் நல்ல நினைவு. மாரி வந்தபோது பள்ளிக்கூடமும் பூட்டு, பஸ்ஸும் இல்லை. அடுத்த மாரிக்கு நீங்கள் கொழும்பில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். பிறகு நீங்கள் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பினார். ஆறாம் வகுப்புக் காணொளியில் பிழை இருக்கிறதாம். "வழுக்கியாறு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தாலை ஓடுது. ஆறில்லை எண்டு அந்த ரீச்சர் படிப்பிக்கிறா. அவ இந்த ஊர் ஆள் இல்லைத்தானே, அதுதான் தெரியேல்லை." அவர் கெட்ட மனிதர் இல்லை, சும்மா சொன்னார். பள்ளிக்கூட அதிபரும் பாவம், என்ன செய்வார்? "உந்தக் காணொளியை எடுத்துப் போட்டு உங்கடை குரலிலை திருப்பிச் செய்யுங்கோ ரீச்சர். பிழை பிழைதானே," என்றார்.

பிழைதான். மழைக் காலத்தில் அளவெட்டிப் பக்கமிருந்து வந்து, எங்கள் வயல்களைத் தாண்டி, அராலியில் கடலேரியோடு சேருகிற ஆறு அது. கோடையில் ஆறு இருந்த இடமே தெரியாது, நாங்கள் சிரித்த அந்தப் பாலத்தடியில் ஆடுதான் மேயும். ஆனாலும் அந்த வரியை வெட்டினால் பாடமே நிற்காது. பாடம் முழுக்க அதன் மேலேதான் கட்டியிருக்கிறது. என் குரலில் செய்தால் உங்கள் கை எங்கே? மணலில் கீறின உங்கள் வாப்பா எங்கே?

புதிதாக வந்திருக்கிற கணினி ரீச்சர் தர்சினி, சின்னப் பிள்ளை, நல்ல மனம், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். "அவவின்ரை குரலிலையே ஏஐயாலை புதுசா ஒரு வரி செய்யலாம் ரீச்சர். இலவசம்தான்." நான் யோசிப்பதற்குள் செய்தும் காட்டினாள். போனுக்குள்ளிருந்து நீங்கள், "எங்கட யாழ்ப்பாணத்திலை ஒரு ஆறு இருக்கு," என்றீர்கள்.

ஐயோ ரீச்சர். உங்கள் குரல்தான், அந்த இழுப்புக்கூட அப்படியே. கண்ணால் தண்ணீர் ஓடியது; இன்னொரு தரம் போடு என்று கேட்கவும் வாய் வந்தது. கேட்கவில்லை. நீங்கள் காணாத ஆற்றைக் கண்டவர் மாதிரி அது கதைத்தது. "அழிச்சுப் போடு பிள்ளை," என்றேன். அவள் பயந்துபோய் உடனே அழித்தாள். பிறகு அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் உங்களுடைய இன்னொரு தளம் நினைவுக்கு வந்தது. காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் குறித்த இடத்தில் தானாக நின்று, பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும். உங்களுக்கு அதில்தான் பெரிய விருப்பம். "நிப்பாட்டத் தெரிஞ்சால்தான் ரீச்சர் அது பாடம். மற்றதெல்லாம் படம்." அதே கடவுச்சொல். உள்ளே போனேன். உங்கள் முதல் வரி முடிகிற இடத்தில் ஒரு கேள்வியை வைத்தேன்.

இன்று வகுப்பில் போட்டேன். ஓட்டில் மழை. இருட்டின அறையில் சுவர் முழுக்க உங்கள் கை. குரல் மழையோடு கலந்து வந்தது. ஆறில்லை என்றீர்கள். படம் நின்றது. "ரீச்சர் சொன்னது சரியோ?" என்ற கேள்வி மட்டும் சுவரில் நின்றது. வகுப்பே கத்தியது, பிழை, பிழை என்று. முன் வாங்கில் இருந்த ஒரு பெட்டை எழும்பினாள்.

"அந்த ரீச்சரை வரச் சொல்லுங்கோ, காட்டுவம்."

"அவ மோசம் போயிட்டா பிள்ளை, இப்ப உயிரோடை இல்லை."

"அப்ப ஆத்தைக் காணவே இல்லையோ?"

"காணேல்லை."

அவள் விடவில்லை. "எண்டாலும் சொல்லவேணும்தானே."

மழை விட்டதும் எல்லாருமாகப் பாலத்தடிக்குப் போனோம். பழுப்புத் தண்ணீர், புல்லெல்லாம் அள்ளிக்கொண்டு, சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தர்சினி போனைப் பிடித்தாள். பிள்ளைகள் முகத்தைக் காட்டவில்லை. உங்கள் காணொளி மாதிரியே கை மட்டும். எல்லாக் கைகளும் தண்ணீரைக் காட்ட, "ரீச்சர், இதுதான் ஆறு, பாருங்கோ," என்று கத்தினார்கள். அதை உங்கள் பாடத்தின் முடிவில் ஒட்டப் போகிறோம். உங்கள் வரி அங்கேயே இருக்கும். அதிபரும் ஓம் என்றுவிட்டார்.

மகளைக் கூட்டிப் போக அந்தத் தகப்பனும் சைக்கிளில் வந்தார். பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இப்ப சரி ரீச்சர். அவ பாவம், வெளியாள், என்ன தெரியும்," என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அண்ணை, வெளியாள் எண்டால் வரைபடத்தைப் பாத்து ஆறிருக்கு எண்டு சொல்லியிருப்பா. நான் உந்த ஆத்தங்கரையிலை பிறந்தனான். போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கே பிழையாப் படேல்லை. ஆத்தைப் பற்றி உங்கடை வீட்டிலை என்ன சொல்லுறவை?"

அவர் சைக்கிள் பிடியைத் தடவிக்கொண்டு ஆற்றையே பார்த்தார். "ஆறில்லாத ஊர் எண்டுதான் அப்பு சொல்லுவார்," என்றார் மெல்ல. "நானும் பிள்ளையளுக்கு அப்பிடித்தான் சொல்லுறனான்."

ரீச்சர், நீங்கள் விட்டது எங்கள் ஊர்ப் பிழை. இங்கே பிறந்தவர்களுக்கு மட்டும் வருகிற பிழை. அதை உங்களிடமிருந்து வெட்டி எடுக்க நான் இருக்கும்வரை ஒருவரையும் விடமாட்டேன்.