கறுப்புக் காரில் மயிரிழைக் கீறல்

17 ஜூன் 2025, செவ்வாய்

டொக்டர் சுலோஜனாவின் கறுப்புக் கார் திரும்பி வந்தது. போன வாரம்தான் மெருகேற்றிக் கொடுத்தோம். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். முன்னால் பொனற் மூடி முழுக்க மயிரிழைக் கீறல், வட்டம் வட்டமாக.

"நீங்கள் செய்ததுக்குப் பிறகுதான் கூடிப்போச்சு. அடுத்த மாசம் கொண்டு வாறன், சரியாச் செய்து தாங்கோ" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் காரைக் கடைசியாகத் துடைத்தவன் நிப்றாஸ்.

18 ஜூன்

நிப்றாஸைப் பற்றி இப்படி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. தோஹாவில் ஏழு வருடம் ஒரே அறை, மேல்கட்டிலில் அவன், கீழ்க்கட்டிலில் நான். இந்தத் தொழிலை இரண்டு பேரும் ஒரே ஆளிடம்தான் படித்தோம். துறைமுகக் கரையில் சேர்ந்து கடை திறந்தும் நாலு வருடமாகிறது.

ஆனால் கொஞ்ச நாளாக, போன் அடித்தால் வெளியே போய் நின்று கதைக்கிறான். நான் வாசலுக்கு வந்தால் குரல் சின்னதாகிறது.

"ஆரடா?"

"ஒண்டுமில்ல மச்சான், ஊர்க்கதை."

அவனுடைய ஊர் கிண்ணியா. அந்த ஊர்க்கதையை ரோட்டில் நின்று கதைக்க என்ன தேவை?

20 ஜூன், வெள்ளி

அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் அவனுடைய அலுமாரியைத் திறந்தேன். வெட்கம்தான், ஆனாலும் திறந்தேன். சில்லு, டயருக்குப் பாவிக்கும் துணி வேறு, மேலுக்குப் பாவிக்கும் துணி வேறு. சவர்க்காரத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, இரண்டும் பளிச்சென்று இருந்தன. ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை.

எனக்குச் சந்தேகம் கூடியது. கள்ளம் இல்லாதவன் இவ்வளவு கவனமாக ஏன் இருக்க வேண்டும்?

23 ஜூன்

கடைத் துணிகளைத் தோய்ப்பது என் வேலை. முந்தி உள்ளே, காற்றாடிக்குக் கீழேதான் காயப்போடுவோம். இந்த மாதத் தொடக்கத்தில் நான் மேல்மாடியில் கயிறு கட்டினேன். கச்சான் காற்று வீசுகிறது, ஒரு மணித்தியாலத்தில் துணி சருகுபோல் காய்ந்துவிடுகிறது.

இன்றைக்கு அவன் சொல்கிறான்: "மச்சான், துணிய உள்ளுக்கையே காயப்போடு. மேல வேணாம்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. முதலாளிக் கதை கதைக்கத் தொடங்கிவிட்டான் என்று மட்டும் விளங்கியது.

25 ஜூன்

கிண்ணியாவில் வாகனம் விற்கும் ஸப்வான் வந்தார். சிரித்துக்கொண்டே, "நிப்றாஸ எங்களுக்குத் தந்திடுங்களன். அங்க இடமெல்லாம் ரெடியா இரிக்கி" என்றார். நிப்றாஸ் குனிந்து சில்லுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை.

ஆக, போனில் வந்தது இந்த ஊர்க்கதைதான். இங்கே என் பெயரைக் கெடுத்துவிட்டு அங்கே போய் இருக்கப் போகிறான். எல்லாம் பொருந்துகிறது.

27 ஜூன், வெள்ளி

இன்னொரு கார், கருநீலம். அதே வட்டக் கீறல்.

என்னால் அடக்க ஏலவில்லை. கேட்டுவிட்டேன். "உன்ர கையாலதான் கீறுது. வேணுமெண்டே செய்யிறாய்."

அவன் கையில் இருந்த துணியை நாலாக மடித்து மேசையில் வைத்தான்.

"வேணுமெண்டா, மச்சான்?"

"ஓம்."

ஜும்ஆவுக்குப் போனான். திரும்பி வரவில்லை.

30 ஜூன்

வரவில்லை. சரி. இனிக் கீறலும் வராது.

4 ஜூலை

டொக்டரின் காரைத் தனியாகவே செய்தேன். நிழலில் விட்டு, தகடு ஆறும்வரை காத்திருந்து, மெருகு மெஷினை அழுத்தாமல் ஒருக்கால் நெடுக்காக, ஒருக்கால் குறுக்காக ஓட்டினேன். விளக்குப் பிடித்தால் ஒரு கோடு இல்லை. என் முகம் தெரிந்தது. பிறகு மேலே காய்ந்த புதுத்துணி ஒன்றை எடுத்துக் கடைசித் துடைப்புத் துடைத்தேன்.

மறுபடி விளக்கைப் பிடித்தேன். வட்டம் வட்டமாகக் கீறல்.

கடையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

மெல்லிய பிளாஸ்ரிக் சொப்பின் பைக்குள் கையை விட்டுப் பொனற்றைத் தடவினேன். வெறுங்கைக்குப் பிடிபடாத துகளும் அப்படித் தடவினால் தெரியும், தோஹாவில் படித்தது. நறநற என்றது. மேல்மாடிக்கு ஓடிப்போய், கயிற்றில் கிடந்த துணி ஒன்றை வெள்ளைக் கடதாசியில் உதறினேன். சாம்பல் நிறத் தூள். நிமிர்ந்தால் எதிரே துறைமுகம். அங்கே சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கச்சான் அந்தத் தூசியை அள்ளிக்கொண்டு நேரே என் கயிற்றுக்குத்தான் வருகிறது.

சீமெந்துத் துணியால் கார் துடைத்திருக்கிறோம். அவன் சொன்னவன். மேல வேணாமெண்டு சொன்னவன். ஏனெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா... நான் கேக்கேல்லையே. அலுமாரியத் துறந்து பாத்தனான், வாயத் துறந்து கேக்கேல்ல.

5 ஜூலை

நிப்றாஸுக்கு ஏழு தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ஸப்வானுக்கு எடுத்தேன்.

"ஒரு மாசமாக் கேட்டுக்கொண்டிருந்தனான். மச்சான விட்டுட்டு வர ஏலா எண்டுதான் ஒவ்வொரு தரமும் சொன்னவர். போன வெள்ளிதான், அவரே எடுத்து, ஓம் எண்டவர்."

போன வெள்ளி. அவன் திரும்பி வராத அந்த வெள்ளி.

6 ஜூலை

கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

15 ஜூலை, செவ்வாய்

டொக்டரிடம் உண்மையைச் சொல்லி, காரை நானே பாலத்தால் கிண்ணியாவுக்கு ஓட்டிப் போனேன். அவன் இடத்தில் துணிகள் உள்ளே, காற்றாடிக்குக் கீழே தொங்கின.

"பிழை என்ர. துணியில சீமெந்து" என்றேன். தலையை ஆட்டினான். ஒரு பையை எடுத்துக் கையை விட்டுப் பொனற்றைத் தடவிப் பார்த்தான். பிறகு மெஷினை எடுத்தான். மத்தியானம்வரை அவன் ஓட்ட, நான் விளக்குப் பிடித்தேன், முந்திப்போலவே. ஒரு கீறல் மிச்சமில்லை.

"மன்னிச்சுக்கொள் மச்சான்."

"அதெல்லாம் ஒண்டுமில்ல" என்றான். ஒரு கதிரையை எடுத்துத் துடைத்து, கார் கொண்டு வருகிறவர்களுக்கு வைப்பதுபோல் என் முன்னால் வைத்தான்.

"இருங்க அண்ணன். டீ குடிச்சிட்டுப் போங்க."